பொட்டு ஒட்டியிருந்த ஓட்டை

இல்லங்க மஷூர் நானா, ஒடையல. ஒடஞ்ச சாமானக் கட்டித் தூக்கிக்கிட்டு வர்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. போன ஞாயித்துக்கெழம கூட வேல செஞ்சிச்சு. கரண்ட் குடுத்துப் பாருங்க, ரெண்டுலயும் லைட் எரியும். ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்குது, அவ்வளவுதான் கோளாறு. இந்த பேஸ் பெட்டிக்கு இந்தப் பாட்டுச் செட்டு ஆம்புல எந்த ஓட்டையில இருந்து வயரு எடுக்கணும்னு யாருக்கும் தெரியல. அத மட்டும் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.

தெரியுங்க, இன்னைக்கு வெள்ளிக்கெழம. ஜும்மாவுக்குக் கட சாத்துவீங்கன்னு தெரிஞ்சுதான் விழுந்தடிச்சு ஓடியாந்தேன். இன்னும் பாங்கு சொல்லலையே. ஷட்டர பாதி எறக்கிட்டீங்கல்ல, அது அப்படியே பாதியில நிக்கட்டும். வேற யாரும் உள்ள வரமாட்டாங்க. திங்கக்கெழம வான்னு மட்டும் சொல்லிறாதீங்க நானா. திங்கக்கெழம வரைக்கும் எம் புள்ள தாங்காது.

கூடயா? யாரும் வரல, ஒத்தையாத்தான் வந்தேன். இந்த ரெண்டு சாக்கையும் தூக்கிக்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன். தேயிலக் கொழுந்து சுமந்த தல நானா, இது என்ன பாரம். கொழுந்து சாக்குல போட்டுக்கிட்டா வழியில பாக்குறவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்கன்னுதான் அதுலயே கட்டுனேன். ஏன் ஒளிச்சுக் கொண்டாரணும்னா... லயத்து வரிச வீட்டுல ஆயிரம் வாயி. அத விடுங்க. மொதல்ல இதப் பாருங்க.

பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடையில ஏறிப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அந்தாளு மூஞ்சிய நிமித்திக் கூடப் பாக்கல. அனே நங்கி, பரண படு, விசி கரன்டன்னுட்டான். பழைய சாமானாம், தூக்கி வீசணுமாம். நானும் சிங்களத்துலயே நல்லா நாலு வார்த்த குடுத்துட்டுத்தான் எறங்குனேன். வெளிய நின்ன த்ரீவீல் காரருதான் பாவம், மஷூர் நானா கடைக்குப் போங்க, அவருக்குப் பழைய செட்டுன்னா தெரியும்னு கைய காட்டுனாரு. நீங்களும் அதே மாதிரி தலைய ஆட்டுனீங்கன்னா நான் எங்கதான் போவேன்?

பாட்டுக் கேக்கவா? யாரு, எம் புள்ளையா? அய்யோ நானா. எம் புள்ளைக்குக் காதே கேக்காது.

பொறந்ததுல இருந்தே. தனுஜான்னு பேரு, ஆறு வயசு. ரத்தினபுரி ஆஸ்பத்திரியில தலையில வயரெல்லாம் ஒட்டி வச்சுப் பார்த்தாங்க. மெசின் மாட்டுனாலும் கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. பேச்சும் கெடையாது. அப்பறம் எதுக்கு இதெல்லாம்னு நீங்க பாக்குறீங்க, எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க. சொல்றேன், நீங்க கைய மட்டும் நிறுத்தாதீங்க, ஸ்க்ரூவ கழட்டிக்கிட்டே கேளுங்க.

எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல ஆளுயரத்துக்குப் பெட்டி அடுக்கி வச்சுப் பாட்டுப் போட்டாங்க. கூட்டத்துல புள்ளயக் காணோம். எனக்கு உசுரே போயிருச்சு. தேடித் தேடிப் போயி பார்த்தா, அந்தப் பெரிய பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கன்னத்த அதுல வச்சு நிக்கிது. சிரிக்கிது நானா. வாய்விட்டுச் சிரிக்கிது. எம் புள்ள சிரிக்கிற சத்தத்த அன்னைக்குத்தான் நானே கேட்டேன். எங்க வீட்டுக்காரரு, கிருஷ்ணகுமாருன்னு, ரப்பர் மலையில பால் வெட்டுறாரு, அந்த மனுசன் அத்தன சனத்துக்கு முன்னால மண்ணுல உக்காந்து அழுதுட்டாரு.

அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். அவரு நெஞ்சுதான் அதுக்குப் படுக்க. அவரு மல்லாந்தா போதும், போயி அவரு நெஞ்சு மேல முதுக வச்சுப் படுத்துக்கும். அவரு தொண்டைக்குள்ள ம்ம்ம்முன்னு ஒரு சத்தம் குடுப்பாரு, லொறி ஏத்தத்துல இழுக்குற மாதிரி. நான் திட்டுவேன், என்னங்க மனுசரத் தூங்க விடுங்கன்னு. அந்த அதிர்வுலயே புள்ள தூங்கிரும். ஆனா விடியக்கருக்கல்ல அவரு பால் வெட்டக் கெளம்பணுமே. நெஞ்சு எந்திரிச்சுப் போனதும் இதுவும் எந்திரிச்சுக்கிட்டு கத்தும். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்தப் பெட்டிய கொண்டாந்தாரு.

ஆம்ப் தொர பங்களாவுல வேண்டாம்னு ஸ்டோர்ல போட்டுக் கெடந்தது. தோட்டம் வெட்டப் போனப்ப கேட்டு வாங்கிக்கிட்டு வந்தாரு. அந்தக் காலத்து ஆம்ப், ஆனைக்குட்டி கனம். இந்தப் பேஸ் பெட்டி எம்பிலிப்பிட்டியில பழைய சாமான் கடையில புடிச்சது. ரெண்டையும் வச்சுக்கிட்டு மாசக்கணக்கா மல்லுக்கட்டுனாரு. இதுக்குப் போற ஓட்ட அதுல இல்ல, நீங்க இப்ப சொல்றீங்களே, அதே கததான். எனக்குக் கோவம் கோவமா வரும். வெட்டுக்குப் போயிட்டு வந்த மனுசன் கை கழுவாம வயரோட உக்காந்தா எப்படி இருக்கும்? ஒரு நாளு, லதா லதா, பிரேமலதான்னு முழுப் பேரச் சொல்லிக் கத்துறாரு. ஓடிப் போனா பலகக் கட்டிலு அதிருது. புள்ள அது மேல குப்புறப் படுத்துக்கிட்டு எச்சி ஒழுகத் தூங்குது.

ஆமா, கட்டிலுக்கு அடியில. பழைய போர்வையச் சுத்தி, பலகையோட ஒட்டுன மாதிரி வச்சாரு. பென் டிரைவ்ல தப்படிக்கிற சத்தம் போட்டு வச்சிருக்காரு, டிவிடி பிளேயர்ல குத்தினா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். இந்தாங்க, கொண்டாந்திருக்கேன் பாருங்க, மூடி இல்லாம.

இப்பவா? இப்ப என்னத்தச் சொல்றது. செவ்வாக்கெழமையில இருந்து பெட்டி இல்ல. சோறு வாயில வச்சா துப்புது. படுக்க வச்சா எந்திரிச்சுப் போயி செவுத்துல நெத்திய முட்டுது. டொக்கு டொக்குன்னு. நான் நடுவுல கைய வச்சா என் கைக்கு மேலயே முட்டுது, பாருங்க என் புறங்கைய, கன்னிப் போயிருக்கு. நெத்தி பொளந்து துணி கட்டியிருக்கேன். துணிக்கு மேலயே முட்டுது. டிஸ்பென்சரியில ஒரு சிரப் குடுத்தாங்க, குடிச்சிட்டு அரமணி நேரம் கண்ணு சொருகுச்சு, முழிச்சதும் நேரா செவுத்துக்கிட்ட. ஒரு புள்ளைக்கு எடுத்துச் சொல்லணும்னா காது வேணும், நானா. நான் என்னத்தச் சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்? கையக் காட்டி எத்தனதான் சொல்ல முடியும்? இப்ப எங்க நாத்தனா அனுஷியாகிட்ட மடியில அமுக்கிப் புடிச்சுக்கன்னு குடுத்துட்டு வந்திருக்கேன். அவளும் எவ்வளவு நேரந்தான் புடிப்பா.

நாங்க கழட்டல. நாங்க ஏன் கழட்டப் போறோம்? லயத்துல ஒரு சாவு. சனம் வந்து உக்கார எடம் வேணுமேன்னு எங்க முன் காம்பராவ ஒழிச்சாங்க. பக்கத்துக் காம்பரா மூக்கையா மாமா, அவரோட இன்னும் ரெண்டு மூணு பேரு. கட்டில், மேச, டிவி, இந்தச் செட்டு, எல்லாத்தையும் தூக்கி வெளிய இஸ்தோப்புத் திண்ணையில வச்சாங்க. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். மூக்கையா மாமா ஒவ்வொரு வயரா உருவி, அழகா சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் கையில குடுக்குறாரு. பத்திரமா வச்சுக்க தாயின்னு. எது எதுல இருந்துச்சுன்னு மட்டும் அந்த மனுசன் பாக்கல.

அப்பறம் அவரே குத்தியும் பார்த்தாரு. அவரு குத்துன ரெண்டு மூணு ஓட்டையிலயும் பெட்டி செத்த மாதிரி கெடக்கு. கேக்காதீங்க, எழுத்து இருந்தாப் படிச்சிருக்க மாட்டோமா? எங்க மலைப் பக்கம் விடாத மழ, நீங்க பாக்குறீங்களே, பின்பக்கமெல்லாம் துரு ஏறி எழுத்தத் தின்னுருச்சு.

ஆங், அது வேணாம். ஸ்பீக்கர் வயருல இருந்து எடுக்குறது வேணாம். ஏன்னா, முதல்ல, இந்தப் பெட்டியில ஸ்பீக்கர் வயரு சொருகுற எடமே இல்ல, இந்தச் செவப்பு வெள்ள ஓட்ட ரெண்டுதான். அதுக்கு நடுவுல ஒரு சாமான் போடணுமா? அது எங்க கெடைக்கும்? எம்பிலிப்பிட்டியிலயா? திங்கக்கெழமதானே... நானா, நீங்க சுத்திச் சுத்தி அதே திங்கக்கெழமைக்குத்தான் வர்றீங்க. அவரு எந்தச் சாமானும் வாங்கல. இந்த ஒரே ஒரு வயரு, ரெண்டு மொன, அவ்வளவுதான். என் கண்ணால பார்த்தது. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?

அதோட சத்தமும் வரக்கூடாது. நெசமாத்தான் சொல்றேன், சத்தம் வேணாம், அதிரணும். சாவு விழுந்த லயம், கருமாதி முடியுற வரைக்கும் ஒரு வீட்டுலயும் ரேடியோ கூடப் போடமாட்டாங்க. போனுல பாட்டு வந்தாலே ஓடிப் போயி அமத்துவாங்க. அந்த எடத்துல நான் தப்புச் சத்தத்த வச்சேன்னா கல்லால அடிப்பாங்க. ஆனா அவரு பண்ணி வச்சிருந்ததுல சத்தமே வராது. இந்தப் பெரிய குமிழு இருக்குல்ல, சத்தம் கூட்டுறது, அத ஒரேயடியா கொறச்சு விட்டுருவாரு. ஸ்பீக்கரெல்லாம் ஊமையாயிரும். பேஸ் பெட்டி மட்டும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், இந்தக் குமிழுக்கு அது அடங்கவே அடங்காது. பெட்டி முதுகுல இருக்குற சின்னக் குமிழுலதான் அதக் கூட்டுறது கொறைக்கிறது. லேசா வச்சா பலகையில படுத்திருக்குற புள்ளைக்கு மட்டுந்தான் தெரியும். ஒத்தச் செவுறுக்கு அந்தப் பக்கம் தூங்குற மூக்கையா மாமாவுக்கே தெரியாது, நான் கேட்டுப் பார்த்திருக்கேன்.

முடியாதுன்னு சொல்லாதீங்க. மந்திரமா பண்ணுனாரு? அவரும் உங்கள மாதிரி ஒரு மனுசன்தானே. ஸ்க்ரூ டிரைவரும் பழைய புத்தியும் வச்சுக்கிட்டு பண்ணுனாரு. நீங்க எத்தன வருசமா கட வச்சிருக்கீங்க!

கோவிச்சுக்காதீங்க நானா. வாயி தப்பிப் போச்சு. மூணு நாளா தூங்கல.

அவருகிட்டயா? போன் போட்டுக் கேக்கவா? போன் வீட்டுலதான் கெடக்கு, அடிச்சா அனுஷியாதான் எடுப்பா. இல்ல, அவருக்கு வர ஏலாது. ஏலாதுன்னா ஏலாதுதான். எனக்கும் கோவந்தான், நானா. இத்தன செஞ்ச மனுசன் எனக்கு ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? கேட்டா, உனக்கெதுக்கு, அடையாளம் ஒட்டியிருக்கேன்ல, செவப்பப் பார்த்துக் குத்துன்னு சொல்லிட்டு சிரிப்பாரு.

ஆமா, அடையாளம் இருந்துச்சு. அதத்தானே நான் மொதல்ல இருந்து சொல்ல வர்றேன், நீங்கதான் சாமான் சாமான்னு என்னய சுத்த விடுறீங்க. வயரு சொருகுற ரெண்டு ஓட்டைக்குப் பக்கத்துலயும் ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாரு. என் பொட்டுதான், கண்ணாடியில நான் ஒட்டி வச்சிருந்தத எடுத்து ஒட்டிட்டு என்கிட்ட ஏச்சும் வாங்குனாரு. தூசி தட்டுறப்ப கழண்டாலும் நானே பார்த்துக் குத்துவேன். ரொம்ப லேசு.

இப்ப இல்ல. உரிச்சுட்டாங்க.

லயத்துப் பொம்பளைங்க. கண்ணாடியில இருந்தது, அலமாரிக் கதவுல இருந்தது, வீட்டுல ஒட்டியிருந்த அம்புட்டையும் உரிச்சாங்க, இஸ்தோப்புல கெடந்த இதுலயும் பார்த்துட்டு நகத்தால சொரண்டி எடுத்துட்டாங்க. நான் ஒரு மூலையில கெடந்தேன், எனக்குத் தெரியல. அது எங்க வழக்கம். எதுக்குன்னு அப்பறம் சொல்றேன், நானா, நேரம் போகுது. பொட்டு போனாலும் பிசின் போயிருக்காதுல்ல? நகத்தால சொரண்டுனா முழுசா போகாது. அந்த டார்ச்ச எடுங்க. சாச்சு அடிங்க, நேரா அடிச்சா தெரியாது. பிசின் இருந்தா தூசி வட்டமா ஒட்டியிருக்கும்.

இல்ல, அது துரு. இன்னும் கீழ. அங்க இல்ல, அது டிவிடி வயரு குத்துறது, அது எனக்கே தெரியும். இப்படி வலது பக்கமா... அந்தா! அந்தா பாருங்க, கருப்பா, வட்டமா! கைய வச்சுப் பாருங்க, ஒட்டுதா? அதுக்குக் கீழயும் ஒண்ணு இருக்கா? மாரியாத்தா, என் தாயே. இருக்கா?

என்னது? கேசட்டா? கேசட்டுல பாட்டு பதியிறதுக்கு வச்ச ஓட்டையா? பதியிற மெசினுக்கு எப்பவும் ஒரே அளவாத்தான் போகணும், அதனால அது இந்தக் குமிழோட பேச்சக் கேக்காதுங்கிறீங்களா! அதத்தானே நான் தொண்ட கிழியச் சொன்னேன், அடங்காது அடங்காதுன்னு. இப்ப நீங்களே சிரிக்கிறீங்க. பரவாயில்ல, சிரிங்க. நல்லா செஞ்சிருக்காருங்கிறீங்களா? சொல்லுங்க நானா, இன்னொரு தடவ சொல்லுங்க, மூளக்காரன்னு. அந்த மனுசன யாரும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல.

குத்துங்க. செவப்புல செவப்பு, வெள்ளையில வெள்ள. உங்க டிவிடியில இந்தப் பென் டிரைவ போடுங்க. பெரிய குமிழ முழுசாக் கொறைங்க, ஆங், அப்படி. சின்னக் குமிழு, பெட்டிக்குப் பின்னால, லேசா... லேசா...

அய்யோ.

இதான். இதான் நானா. கொஞ்சம் தள்ளுங்க, நான் ஒரு தடவ முதுக வச்சுப் பார்க்குறேன். தரையில உக்காந்தா என்ன, பரவாயில்ல, அழுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. இப்படித்தான் அது சாஞ்சுக்கிட்டு கெடக்கும். அப்பா... வயித்துக்குள்ள வரைக்கும் வருதே. வெளிய ரோட்டுல ஒருத்தருக்கும் கேக்கல பாருங்க. ஒரு சத்தம் இல்ல.

ஒண்ணுமில்ல, அழல. சும்மா தண்ணி வருது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும், அமத்தாதீங்க.

ம்? பொட்டா? எதுக்கு உரிச்சாங்கன்னா... இனிமே எனக்கு ஆகாதுல்ல, நானா. கண்ணுல பட்டா மனசு கேக்காதுன்னுதான் மொத நாளே எடுத்துருவாங்க. திங்கக்கெழம காலையில மலைக்குப் போனவரு. காத்துல குளவிக் கூடு கலைஞ்சு கொத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே எல்லாம் முடிஞ்சிருச்சு. கருமாதி வரைக்கும் நான் படி எறங்கக் கூடாது, நான் கடத்தெருவுல நிக்கிறேன்னு தெரிஞ்சா லயமே நாறிப் போகும். அதுக்குத்தான் எல்லாரும் மலைக்குப் போற நேரமாப் பார்த்து கீழ பணிய ரோட்டால எறங்குனேன். இந்தச் சேல கூட அனுஷியாவோடது. எழவு வீட்டுக்காரின்னு தெரிஞ்சா நீங்களும் கடைக்குள்ள விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்கங்க.

என்ன உக்காந்துட்டீங்க? எந்திரிங்க நானா. நான் சொல்லாமலே போயிருக்கணும்.

புதன்கெழம எடுக்குறதுக்கு முன்னாடி, எல்லாரும் பூப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, இது எந்தச் சந்துல பூந்துச்சோ, ஏறி அவரு நெஞ்சு மேல முதுக வச்சுப் படுத்துருச்சு. தூக்கப் போனாங்க, விடுங்கன்னு நான்தான் கத்துனேன். படுத்துக்கிட்டு காத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் பொரண்டு கன்னத்த வச்சுப் பார்த்துச்சு. கையால தட்டிப் பார்த்துச்சு. ஒண்ணும் அதிரல, நானா. அப்பதான் மண்டைய முட்ட ஆரம்பிச்சுச்சு. மொதல்ல அவரு நெஞ்சுலதான் முட்டுச்சு.

அந்தா, பாங்கு சொல்றாங்க. போங்க, உங்க தொழுகைய என்னால விட்டுறாதீங்க. எனக்கும் இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஒதவி. அந்த ரெண்டு ஓட்டையச் சுத்தியும் ஒரு வட்டம் போட்டுக் குடுத்துருங்க. பேனா வேணாம். ஒட்டுறது ஒண்ணும் வேணாம். அந்த ஸ்க்ரூ டிரைவரால ஆழமாக் கீறி விட்டுருங்க.